வெட்டி எடுத்த கெலாய்டு ஏன் திரும்ப வளர்கிறது?

கடிதத்தின் சுருக்கம்: எழுதியவர் 27 வயதுப் பெண். ஆறு ஆண்டுகளுக்கு முன் இடது காதுமடலில் இரண்டாவதாக ஒரு துளை போட்டுக்கொண்டார். சில மாதங்களில் துளையின் பின்பக்கம் கெட்டியான கட்டி எழும்பியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதை வெட்டி எடுத்தார்கள். தையல் பிரித்ததோடு சரி, அதற்குப் பிறகு எந்தச் சிகிச்சையும் இல்லை. ஐந்தாவது மாதம் கட்டி திரும்பி வந்து, இப்போது 2 செ.மீ. அளவில் முன்னைவிடப் பெரிதாக இருக்கிறது. நெஞ்சின் நடுவில் ஒரு பரு ஆறிய இடத்திலும் 3 செ.மீ. நீளத்துக்குத் தடித்த தழும்பு. இரவில் அரிப்பு. அம்மாவுக்கும் தோளில் இப்படி ஒன்று உண்டு. 'இதற்குக் காரணம் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள்' என்று படித்ததிலிருந்து வைட்டமின் சி உள்ள பழங்களை நிறுத்திவிட்டார். இது புற்றுநோயா, இந்தச் செல்லைக் கொல்ல மருந்து உண்டா, அடுத்து நுரையீரலும் இறுகிவிடுமா, மறுபடி வெட்டலாமா என்று கேட்கிறார். லேசரில் எடுத்தால் திரும்பவே வராது என்று ஓரிடத்தில் உறுதி சொல்லியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு குழந்தைக்குத் திட்டமிடுகிறார். மகள் பிறந்தால் அவளுக்குக் காது குத்தலாமா என்பது கடைசிக் கேள்வி.

உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால் இது கெலாய்டு என்ற, அளவுமீறி வளரும் தழும்பு. நேரில் பார்க்காமல் நூறு சதவீதம் சொல்ல முடியாது என்றாலும், காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தது, வெட்டிய பிறகு பெரிதாகத் திரும்பியது, காதிலும் நெஞ்சிலும் வந்தது, அம்மாவுக்கும் இருப்பது எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. கெலாய்டு புற்றுநோய் அல்ல. நிணநீர்க் கணுவுக்கோ வேறு உறுப்புக்கோ பரவாது. ஆனால் சாதாரணத் தழும்புபோல் தானாக அடங்கியும் போகாது. இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுவது மிகைத் தழும்பு. அது காயம் ஆறிய சில வாரங்களிலேயே தடித்து, காயத்தின் எல்லைக்குள்ளேயே நின்று, ஓரிரு ஆண்டுகளில் பெரும்பாலும் தணிந்துவிடும். உங்களுக்கு இருப்பது அது அல்ல.

முதல் அறுவையில் எடுத்த கட்டியைப் பயாப்ஸிக்கு அனுப்பினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. அனுப்பியிருந்தால் அந்த அறிக்கையையும் அறுவைக் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்பது நோயாளியின் உரிமை. அடுத்துப் பார்க்கும் மருத்துவருக்கும் அது பெரிய உதவி. கெலாய்டுபோலத் தோன்றும் டெர்மட்டோஃபைப்ரோசார்கோமா என்ற அரிய தோல்கட்டி ஒன்று உண்டு. காயமே படாத இடத்தில் மெல்ல வளரும் கட்டி, ஒரே பக்கமாக முண்டும் முடிச்சு, காரணமில்லாமல் புண்ணாகி ரத்தம் கசிவது ஆகியவை இருந்தால் திசுப் பரிசோதனை செய்யாமல் சிகிச்சையைத் தொடங்கக் கூடாது.

செல்மேல் குற்றமில்லை, நிறுத்தச் சொல்லும் உத்தரவுதான் வரவில்லை

ஃபைப்ரோபிளாஸ்ட்டைப் பற்றி நீங்கள் படித்தது பாதி சரி. தோலின் உள்ளடுக்கு, தசைநாண், எலும்பை இணைக்கும் நார்கள், ரத்தக்குழாயின் வெளிச்சுவர் என இணைப்புத் திசு இருக்கும் இடமெல்லாம் இரு முனையும் ஒடுங்கிய நூற்புக் கதிர் வடிவில் நீண்டு கிடக்கும் செல் இது. கொலாஜன் என்ற நார்ப் புரதம், எலாஸ்டின், ஃபைப்ரோனெக்டின், ஹையலுரோனிக் அமிலம் போன்ற பொருள்களைச் சுரந்து திசுவுக்கு உருவமும் வலுவும் தருகிறது. பலரும் கவனிக்காத இன்னொரு வேலையும் அதற்கு உண்டு: பழைய கொலாஜனை அறுக்கும் நொதிகளையும் அதுவே சுரக்கிறது. கட்டுவது, கலைப்பது இரண்டும் அதன் பொறுப்பு. தோல் ஆரோக்கியமாக இருப்பது இந்த இரண்டின் சமநிலையால்தான்.

காயம் பட்டதும் ரத்தத் தட்டணுக்களும், பிறகு மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்களும் டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்தை வெளியிடுகின்றன. அதன் அழைப்பில் சில நாள்களுக்குள் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் காயத்துக்குள் நகர்ந்து பெருகி, முதலில் மெல்லிய மூன்றாம் வகைக் கொலாஜனை அவசரமாகப் போட்டு நிரப்புகின்றன. அவற்றில் ஒரு பகுதி மயோஃபைப்ரோபிளாஸ்ட்டாக மாறுகிறது. தசையில் இருப்பதுபோன்ற ஆக்டின் இழைகள் அதனுள் உருவாவதால், காயத்தின் விளிம்புகளை உள்நோக்கி இழுக்கும் திறன் வருகிறது. அடுத்த பல மாதங்களில் தற்காலிகக் கொலாஜன் அகன்று உறுதியான முதல் வகைக் கொலாஜன் அந்த இடத்தைப் பிடிக்கிறது. வேலை முடிந்த மயோஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் தாமாகவே இறந்துவிடுகின்றன. மூன்று வாரத்தில் தழும்பின் வலு இயல்பான தோலில் சுமார் 20 சதவீதம்தான். எத்தனை காலம் ஆனாலும் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை.

கெலாய்டில் கெட்டுப்போவது, செல்கள் வேலையை முடித்து விலக வேண்டிய அந்தக் கடைசிக் கட்டம். சுவர் பூசி முடிந்த பிறகும் 'போதும்' என்று சொல்ல ஆள் வராததால் பூசிக்கொண்டே இருக்கும் கொத்தனாரின் நிலைதான் அங்கே ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்கு. தோலின் ஆழத்தில் அழற்சி அணையாமல் கனன்றுகொண்டிருக்கிறது. டிஜிஎஃப்-பீட்டா வந்துகொண்டே இருக்கிறது. குவிந்த கொலாஜன் திசுவை விறைப்பாக்குகிறது. விறைத்த திசுவை மயோஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் இழுக்கும்போது, அங்கே கட்டுண்டு கிடக்கும் டிஜிஎஃப்-பீட்டா இன்னும் அவிழ்கிறது. அது மறுபடி அதே செல்களைத் தூண்டுகிறது. வளர்வது எப்போதும் விளிம்பில்தான் என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பழைய கெலாய்டின் நடுப்பகுதி தட்டையாக வெளிறி இருக்கும். ஓரம் சிவந்து, புடைத்து, அரிக்கும். உங்களுக்கு அரிப்பு எங்கே இருக்கிறது என்று இன்றிரவு கவனியுங்கள். ஓரத்தில் என்றால் நோய் இன்னும் செயல்பாட்டில் இருக்கிறது.

இழுவிசைக்கு இதில் எவ்வளவு பங்கு என்பதற்கு உங்கள் நெஞ்சே சாட்சி. கையை அசைக்கும்போதெல்லாம் மார்பெலும்பின் மேலுள்ள தோல் இரு பக்கமும் இழுபடுகிறது. அங்கே கெலாய்டு குறுக்குவாட்டில் நீள்வதற்குக் காரணம் இதுதான். தோலில் இழுவை இல்லாத கண்ணிமையில் கெலாய்டு வருவது மிக அரிது. காதுமடல் மட்டும் இந்தக் கணக்குக்கு முழுதாக அடங்காது. அங்கே துளை ஆறுவதற்குள் கம்மலின் எடை, தொற்று, உலோக ஒவ்வாமை என்று திரும்பத் திரும்ப வரும் சீண்டல்தான் பெரும்பாலும் காரணமாகிறது.

இப்போது உங்கள் 'கொல்ல மருந்து உண்டா' என்ற கேள்வி. ஃபைப்ரோபிளாஸ்ட்டை உடம்பிலிருந்து ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் கூடாது. அது வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஸ்கர்வி நோய் காட்டும். வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் இழைகள் முறுக்கேறி உறுதிப்படாது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், புதுக் காயம் ஆறாது, ஆறிய பழைய காயம்கூடப் பிளக்கலாம். நீங்கள் பழத்தை நிறுத்தியதால் கெலாய்டு சிறுக்கப் போவதில்லை. அறுவையோ பிரசவமோ வரும் நேரத்தில் ஆறும் திறன்தான் குறையும். நாளையே மறுபடி சாப்பிடத் தொடங்குங்கள். கொலாஜன் பொடியும் அப்படித்தான், எந்தப் பக்கமும் இல்லை. குடலில் அது அமினோ அமிலங்களாகவும் சிறு பெப்டைடுகளாகவும் உடைந்துவிடும். கெலாய்டை வளர்க்கும் என்பதற்கும் கரைக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

ஆகவே சிகிச்சை என்பது அந்தச் செல்லுக்கு வந்துகொண்டிருக்கும் தூண்டுதலை மாதக்கணக்கில் அடக்கி வைப்பது. கட்டியை மட்டும் வெட்டி எடுத்தால் புதுக் காயம், புதிய அழைப்பு, கூடுதல் இழுவை. துணைச் சிகிச்சை இல்லாமல் வெட்டியதில் 45 முதல் 100 சதவீதம் வரை திரும்பி வந்ததாக மருத்துவ நூல்கள் பதிவு செய்கின்றன. உங்கள் முதல் அறுவையில் குறை வெட்டில் இருந்ததாகத் தெரியவில்லை. தையல் பிரித்த நாளில் தொடங்கியிருக்க வேண்டிய சிகிச்சை தொடங்கவே இல்லை.

ஸ்டீராய்டு ஊசி: எப்படிப் போட வேண்டும், எங்கே தவறுகிறது

நெஞ்சிலுள்ள தழும்புக்கு முதல் சிகிச்சை இதுதான். ட்ரையாம்சினோலோன் மருந்தைத் தழும்புக்குள்ளேயே செலுத்துவார்கள். மி.லி.க்கு 10 முதல் 40 மி.கி. வரை செறிவு, நான்கு வாரத்துக்கு ஒரு முறை. தட்டையாகும் வரை நாலைந்து முறையாவது தேவைப்படும். இது அழற்சியைத் தணித்து, ஃபைப்ரோபிளாஸ்ட் பெருகுவதையும் கொலாஜன் சுரப்பதையும் குறைக்கிறது.

'இரண்டு ஊசி போட்டேன், பலனில்லை' என்று நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். பெரும்பாலும் மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்காது. கெட்டியான கெலாய்டுக்குள் மருந்தைத் தள்ளுவது கடினம். சிரிஞ்சின் தண்டு நகரவே நகராது, அழுத்தத்தில் ஊசி கழன்று மருந்து வெளியே தெறிக்கும். அதனால் திருகிப் பூட்டும் சிரிஞ்ச் தேவை. ஊசி சரியான இடத்தில் இருந்தால் தழும்பு கண்முன்னே வெளிறும், கை நல்ல எதிர்ப்பை உணரும். மருந்து வழுக்கிக்கொண்டு சுலபமாகப் போனால் அது தழும்புக்கு அடியிலுள்ள கொழுப்பில் இறங்குகிறது என்று பொருள். பலன் இருக்காது, அங்கே குழிதான் விழும். மிகவும் இறுகியிருந்தால் முதலில் 10–15 விநாடி திரவ நைட்ரஜனால் லேசாக உறையவைத்து, கால் மணி நேரம் விட்டு, திசு ஊறி இளகியதும் போடலாம். கருமையான சருமத்தில் உறையவைப்பது வெண்மைத் திட்டை விட்டுச் செல்லும் என்பதால் இதை அளவோடுதான் செய்ய வேண்டும்.

வலிக்கும், மறைப்பதற்கில்லை. ஒரு மணி நேரம் முன்பே மரத்துப்போகும் களிம்பு தடவி மூடி வைக்கச் சொல்லுங்கள், அல்லது மருந்தோடு லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தைக் கலக்கச் சொல்லுங்கள். பக்கவிளைவுகளில் தோல் மெலிவது, நிறம் வெளிறுவது, நுண்ணிய ரத்தக்குழாய்கள் தெரிவது ஆகியவை முக்கியமானவை. மாதவிலக்கு சில மாதம் முன்பின் ஆகலாம். சொல்லாமல் விட்டால் பயந்துபோவீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை சில நாள் ஏறும். தழும்பு தட்டையானதும் நிறுத்திவிட வேண்டும். நிறமும் மறைய வேண்டும் என்று தொடர்ந்து போட்டால் குழிதான் மிஞ்சும்.

ஊசி மட்டும் போதாதபோது 5-ஃபுளோரோயுராசில் மருந்தைக் கலப்பார்கள். மி.லி.க்கு 50 மி.கி. செறிவுள்ள அந்த மருந்து ஒன்பது பங்கு, 40 மி.கி. ட்ரையாம்சினோலோன் ஒரு பங்கு என்பது பரவலாகப் பயன்படும் கலவை. நீங்கள் கேட்ட 'செல்லைக் கொல்லும் மருந்து' என்பதற்கு மிக நெருங்கியது இதுதான். பெருகிக்கொண்டிருக்கும் செல்களை அந்த இடத்தில் மட்டும் தடுக்கும். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் அறவே கூடாது. உங்கள் திட்டத்தை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். சிகிச்சை முடிந்து எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காதை மறுபடி வெட்டலாமா?

வெட்டலாம். ஆனால் அடுத்த ஆறு மாதம் தொடர்ந்து வர முடியும் என்றால் மட்டும். தழும்புத் திசுவை உள்ளிருந்து குடைந்தெடுத்து, மேல்தோலை மடிப்பாகத் தக்கவைத்து, இழுவையில்லாமல் மூடுவது காதில் நல்ல பலன் தரும் முறை. அறுவையின்போதோ தையல் பிரிக்கும்போதோ விளிம்பில் முதல் ஊசி. ஸ்டீராய்டு காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் தையலைச் சில நாள் கூடுதலாக விட்டுவைப்பார்கள். அதன் பிறகு மாதம் ஒரு ஊசி, நான்கு முதல் ஆறு மாதம்.

காயம் முழுதாக மூடிய பின், சுமார் இரண்டு வாரத்தில், அழுத்தக் கம்மல் தொடங்கலாம். மடலின் இரு பக்கமும் தட்டையான தகடுகள் கவ்விப் பிடிக்கும் கிளிப் அது. துளை தேவையில்லை. நாளுக்கு 12 மணி நேரமாவது, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை போட வேண்டும். இறுக்கம் முக்கியம்: போட்டுக் கால் மணி நேரம் கழித்துக் கழற்றிப் பாருங்கள். வெளிறிய தோல் உடனே நிறம் திரும்ப வேண்டும். நீலம் பாரித்தாலோ வலித்தாலோ இறுக்கம் அதிகம். அப்படியே விட்டால் புண்ணாகி, அந்தப் புண்ணே புதுக் கெலாய்டுக்கு வித்தாகும். உலோகம் பட்டால் அரிக்கும் என்றால் பிளாஸ்டிக் அல்லது சிலிக்கோன் பூச்சுள்ளதைக் கேளுங்கள்.

அறுவை முடிந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. மீண்டும் வருவதை அது நன்றாகக் குறைக்கும். ஆனால் 27 வயதில், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பிக்கு அருகில், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போது அதை முதலில் எடுக்கச் சொல்ல மாட்டேன். ஊசியும் அழுத்தமும் தோற்ற பிறகு, தைராய்டுக்குத் தடுப்பு வைத்து, கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு யோசிக்கலாம்.

லேசரில் எடுத்தால் வராது என்ற உறுதியை நம்ப வேண்டாம். கார்பன் டை ஆக்சைடு லேசரால் வெட்டினாலும் வெட்டு வெட்டுதான், ஃபைப்ரோபிளாஸ்ட்டுக்குக் கத்தியென்றும் ஒளியென்றும் பேதமில்லை. சிவப்பையும் அரிப்பையும் குறைக்கவும், நுண்துளை போட்டு மருந்தை உள்ளே அனுப்பவும் லேசர் உதவும், துணையாக. 'திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள், எத்தனை மாதம் பின்தொடர்வீர்கள்' என்று அங்கே கேட்டுப் பாருங்கள். பதிலை எழுத்தில் தரத் தயங்கினால் வெளியே வந்துவிடலாம். நூல் கட்டி அறுப்பது, காரம் வைத்துப் பொசுக்குவது பக்கமே போக வேண்டாம்.

கால வரிசையும் முக்கியம். கர்ப்பத்தில் கெலாய்டு வேகமாக வளர்ந்து அதிகம் அரிக்கக்கூடும். அறுவை செய்து மூன்றாம் மாதம் கருத்தரித்தால் ஊசியையும் நிறுத்த வேண்டிவரும், முதல் அறுவைக்கு நேர்ந்ததே மறுபடி நேரும். ஆகவே இப்போதே அறுவை செய்து, சிகிச்சை முழுதும் முடிந்த பின் கருத்தரியுங்கள். இல்லையென்றால் காதைத் தொடாமல், நெஞ்சுக்கு மட்டும் ஊசி போட்டு, காதுக்கான அறுவையைத் தாய்ப்பால் நிறுத்தும் காலத்துக்குத் தள்ளுங்கள். உங்கள் இடத்தில் இருப்பவருக்கு நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் சொல்வேன். நெஞ்சிலுள்ளதை எந்த நிலையிலும் வெட்ட அவசரப்படாதீர்கள். அந்த இடத்தில் இழுவிசை அதிகம்.

நீங்களே செய்ய வேண்டியவை

சிலிக்கோன் ஷீட்டை நெஞ்சுத் தழும்பின் அளவைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, நாளுக்கு 12 மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதமாவது ஒட்டுங்கள். முற்றிய கெலாய்டை அது கரைக்காது, அரிப்பைக் குறைக்கும். இழுவையையும் ஓரளவு தாங்கும். தினமும் கழற்றிக் கழுவாவிட்டால் வியர்வையில் கொப்புளம் வரும். வைட்டமின் ஈ எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். தழும்புக்கு அது உதவுவதாக நிரூபணம் இல்லை, சிலருக்கு ஒவ்வாமைப் படையைத்தான் உண்டாக்குகிறது. நெஞ்சில் புதுப் பருக்கள் வந்தால் கிள்ளாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒவ்வொரு பருவும் அடுத்த கெலாய்டுக்கு வாசல். தழும்பின் மேல் உரசும் உள்ளாடை வாரையும், மார்பை அகல விரிக்கும் தண்டால் வகைப் பயிற்சிகளையும் சில மாதம் தவிருங்கள். மாதம் ஒரு முறை நீளம், அகலம், உயரத்தை அளந்து, அரிப்புக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டு, ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய இதைவிட நல்ல வழியில்லை. அரிப்புதான் முதலில் குறையும், உயரம் பிறகு.

நுரையீரல் பயம்

கெலாய்டு தோலோடு நிற்கும். நுரையீரலில் நார்த்திசு குவிந்து இறுகும் நோயிலும், ஸ்க்ளீரோடெர்மா என்ற தோல் இறுகும் நோயிலும், உள்ளங்கை நார் தடித்து விரல் மடங்கும் டூப்யூட்ரான் நோயிலும் இதே செல்தான் அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்பது உண்மை. ஆனால் அவற்றைத் தொடங்கிவைக்கும் காரணங்கள் வேறு, ஒன்று இன்னொன்றாக மாறுவதில்லை. குளிரில் விரல்கள் வெளுத்து நீலமாவது, விரல் தோல் பளபளத்து இறுகுவது, நாளாக ஆக மூச்சிரைப்பு கூடுவது ஆகியவை இருந்தால் அதைத் தனியாகப் பரிசோதிக்க வேண்டும். கெலாய்டு மட்டும் இருப்பவருக்கு நுரையீரல் ஸ்கேன் தேவையில்லை.

அவசியமான அறுவைகளையும் இதற்குப் பயந்து தள்ளிப்போடக் கூடாது. சிசேரியன் தேவைப்பட்டால் செய்துகொள்ளுங்கள். 'எனக்குக் கெலாய்டு வரும்' என்று முன்கூட்டியே சொன்னால், இழுவையைக் குறைத்துத் தைத்து, ஆறியதும் சிலிக்கோன் ஒட்டத் தொடங்கலாம். அழகுக்காகச் செய்யும் புதுத் துளை, பச்சை குத்துவது இரண்டையும் நீங்கள் விட்டுவிடுவதே நல்லது.

மகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குடும்பத்தில் இருந்தால் குழந்தைக்கும் வர வாய்ப்பு கூடுதல், ஆனால் கட்டாயம் வரும் என்றில்லை. 11 வயதுக்குப் பிறகு குத்தியவர்களைவிட அதற்கு முன் குத்தியவர்களுக்குக் காதுக் கெலாய்டு குறைவு என்று தெரிகிறது. குத்துவதானால் சிறு வயதில், மடலில் மட்டும், காதின் குருத்தெலும்பில் வேண்டாம். சுத்தமான ஊசி, நிக்கல் கலக்காத இலேசான கம்மல் போதும். துளை ஆறும் வரை அதைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டாம். பின்பக்கம் கடுகளவு தடிப்பு தெரிந்த அன்றே கம்மலைக் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த அளவில் ஓரிரு ஊசியும் அழுத்தமுமே பெரும்பாலும் போதும், கத்தி தேவைப்படாது.